பொருள்: ‘பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ’வுக்குத் தமிழில் என்ன?

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

எரிமலை வெடிக்கும்போது வரும் ‘பைரோகிளாஸ்டிக் ஃப்ளோ’வுக்கு ‘தீக்குழம்பு ஓட்டம்’ என்று நீங்கள் முன்வைத்ததை ஏற்க எனக்கு மனமில்லை. குழம்பு என்றதுமே லாவாதான் கண்முன் வருகிறது. இதில் குழம்பே கிடையாது. கொதிக்கும் வாயு, சாம்பல், நுரைக்கல் துண்டுகள் எல்லாம் கலந்து, காற்றைவிடக் கனத்து, தரையை ஒட்டிப் பாய்வது இது. வெப்பம் பல நூறு டிகிரி. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும்.

மகனோடு நேப்பிள்ஸ் போனபோது வெசுவியஸ் சரிவிலுள்ள பழைய ஆய்வகத்தைப் பார்த்தேன். 1841-இல் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்டு நிறுவியது. எரிமலையைக் கண்காணிக்கவென்றே உலகில் முதலில் எழுந்த ஆய்வகம். கண்காணிப்புப் பணி நகரத்துக்குப் போய்விட்டதால், கட்டடம் இப்போது அருங்காட்சியகம். லூயிஜி பல்மியேரி 1856-இல் உருவாக்கிய நிலநடுக்கப் பதிவுக் கருவியை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. வளைந்த குழாய்களில் பாதரசம். நிலம் அசைந்தால் அது தளும்பி மின்சுற்றை இணைக்கும். உடனே கடிகாரம் நின்று நேரத்தைக் காட்டும், காகிதச் சுருள் ஓடத் தொடங்கும். மின்விளக்கு வீட்டுக்கு வராத காலத்தில் இந்தச் சாமர்த்தியம்!

1872 ஏப்ரலில் மலை வெடித்தபோது பல்மியேரி அங்கேயே இருந்தார். ஆய்வகம் சுமார் 600 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டின்மேல் நிற்கிறது. லாவா சுற்றி ஓடியது, அவர் பிழைத்தார். நாம் பேசும் பாய்ச்சலோ மேட்டையும் ஏறிக் கடக்க வல்லது. கி.பி. 79-இல் இதே மலை வெடித்தபோது, அடிவாரத்து ரோமானிய ஊரான ஹெர்குலேனியத்தின் கடற்கரைப் படகுக் கொட்டடிகளில் ஒதுங்கிய சுமார் 300 பேரைக் கொன்றது இந்த இனம்தான். இரண்டையும் ‘குழம்பு’ என்று எழுதினால், மேட்டில் ஏறினால் தப்பிவிடலாம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை ‘கனல்நீற்றுப் பாய்ச்சல்’. நீறுபூத்த நெருப்பு வழக்கில் இருப்பதுதானே. ‘வெந்நீற்றுப் பாய்ச்சல்’ என்றும் சொல்லலாம். ஆனால் காதில் வெந்நீர் என்று விழுந்து, துண்டோடு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

* * *

தம்பி,

குழம்பை விட்டுவிடுகிறேன். நீறு வேண்டாம். நம் பக்கத்தில் நீறு நெற்றிக்குப் போவது. இல்லையென்றால் பதநீர்க் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு. இரண்டுமே சாதுவானவை. தவிர, ‘கிளாஸ்டிக்’ என்பதில் உடைந்த துண்டு என்ற பொருள் இருக்கிறது. அது உங்கள் சொல்லில் எங்கே? ‘பாய்ச்சல்’ என்றால் வயல்காரருக்கு மடை திறந்து விடும் தண்ணீர்.

கங்கு என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. கருப்பட்டி காய்ச்சும் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சூடும் துண்டும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. வெள்ளம் என்றால் என்னவென்று 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது எல்லோரும் பார்த்துவிட்டோம். ஆகவே ‘கங்குவெள்ளம்’. அது விட்டுச்செல்லும் அடுக்கு ‘கங்குப்படிவு’.

திருச்செந்தூரிலிருந்து

* * *

அண்ணாச்சி,

சாம்பல்தான் அதில் அதிகம் என்று சண்டை போடலாம், போடவில்லை. ‘கங்குவெள்ளம்’ இருக்கட்டும். வாயு மிகுந்து, அடர்த்தி குறைந்து வரும் ‘சர்ஜ்’ வகைக்கு ‘கங்குவீச்சு’ போதுமா? ஹெர்குலேனியத்தை முதலில் தாக்கியது அதுதான். ஹெர்குலேனியம் படத்துக்குக் கீழே எழுத எனக்கு உடனே வேண்டும்.