மரச்செக்கு எண்ணெய் வெப்சைட்டுக்கு டேக்லைன்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். காங்கயத்தில் வாகை மரச்செக்கு வைத்துக் கடலை, எள், கொப்பரை ஆட்டுகிறோம். இப்போது வெப்சைட் போட்டு விற்கிறோம். முகப்பில் "பாரம்பரியமும் தூய்மையும் இணைந்த 100% இயற்கை எண்ணெய்" என்று இருக்கிறது. அதைப் படித்த பிறகும் போன் செய்து, "இது செக்கு எண்ணெயா, மில் எண்ணெயா?" என்றுதான் கேட்கிறார்கள். வரியை எப்படி மாற்றலாம்?

பதில் 1:
போனில் வரும் அந்தக் கேள்விக்கு உங்கள் வரியில் பதில் இல்லை. செக்கு என்ற சொல்லே அதில் காணோம். தேன் விற்பவரும் நாட்டுச்சர்க்கரை விற்பவரும் "எண்ணெய்" என்பதை மட்டும் மாற்றி அப்படியே போட்டுக்கொள்ளலாம். 1978-ல் ஃபெடெக்ஸ் கூரியர் எடுத்துக்கொண்ட வாசகம், ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய பொருளைப் பற்றியது. வேகம், தரம், நம்பிக்கை என்று ஒரு சொல் கிடையாது. எந்த அவசரத்துக்கு அவர்களிடம் போகலாம் என்பது மட்டும் பளிச்சென்று தெரியும். உங்கள் செக்கில் நடப்பதை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். எப்போது ஆட்டுகிறீர்கள், எள்ளுக்குக் கருப்பட்டி சேர்க்கிறீர்களா, எப்படித் தெளிய வைக்கிறீர்கள்?

பதில் 2:
லேபிள் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். இயற்கை, தூய, பாரம்பரிய போன்ற சொற்களை உணவு விளம்பரத்தில் எப்போது பயன்படுத்தலாம் என்பதற்கு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளில் நிபந்தனைகள் உண்டு. 2024 ஜூனில் "100% பழச்சாறு" என்ற வாசகத்தை லேபிளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுக்கச் சொன்னார்கள். அது ஜூஸுக்கு வந்த உத்தரவுதான், இருந்தாலும் அந்த 100%-ஐ எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோய் தீரும் என்பது போன்ற பேச்சு பக்கமே போக வேண்டாம்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கருப்பட்டி போட்டுத்தான் எள் ஆட்டுகிறோம். வாராவாரம் ஆட்டி, வெயிலில் தெளிய வைத்துப் பிடிக்கிறோம். இது எப்படி: "காங்கயத்தில் வாராவாரம் வாகை மரச்செக்கில் ஆட்டி, வெயிலில் தெளிய வைத்து, உங்கள் வீட்டுக்கே அனுப்பும் எண்ணெய்"?

பதில் 1:
இதில் சரக்கு இருக்கிறது, நீளம்தான் கூடுதல். வீட்டுக்கு அனுப்புவதை ஆர்டர் பட்டனுக்குப் பக்கத்தில் சொல்லலாம். "காங்கயம் வாகைச் செக்கில் வாராவாரம் ஆட்டிய எண்ணெய்" என்று நிறுத்திவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் "கடலை எண்ணெய், கருப்பட்டி சேர்த்த நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய்" என்று போடுங்கள். வாராவாரம் ஆட்டுவது உண்மையாக இருக்கும் வரைக்கும் மட்டும்தான் அந்தச் சொல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆட்டம் நின்றால் எடுத்துவிடுங்கள்.

பதில் 3:
முக்கியமான விஷயம், டேக்லைனை பேனர் படத்துக்குள் எழுத வேண்டாம். போனில் பார்க்கும்போது படம் சுருங்கி எழுத்து எறும்பாகிவிடும், கூகுள் தேடலுக்கும் உதவாது. மாறி மாறி ஓடும் பேனர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். வரியைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும்.

கேட்டவர்:
படத்துக்குள்தான் இருந்தது, எழுத்தாகவே போடச் சொல்லிவிட்டேன். செக்கு ஓடும் வீடியோவைக் கீழே சேர்க்கலாமா?

பதில் 3:
தாராளமாக. சத்தத்தோடு தானாக ஓடாதபடி வையுங்கள்.