பச்சை குத்தும் மையைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பரந்தன் அக்கா:
தம்பி கையில் அம்மாவின் பெயரைப் பச்சை குத்தப் போகிறான். கிளிநொச்சியில் குத்துகிற ஒருவரிடம் நானும் கூடப் போனேன். ஊசி புதிது, உறையை எங்கள் கண்முன்னாலேயே பிரித்தார். மைப் போத்தலில்தான் மனம் ஒப்பவில்லை. நிறத்தின் பெயர் மட்டும் ஒட்டியிருக்கிறது. எந்தத் தடவை தயாரித்தது என்று காட்டும் தொகுதி இலக்கமும் இல்லை, காலாவதித் திகதியும் இல்லை. கேட்டால் "கொழும்புச் சாமான், பயமில்லை" என்கிறார். இதை எங்கேயாவது கொடுத்துப் பார்க்கலாமா?

வவுனியா, ஆய்வுகூடம்:
பார்க்கலாம் தங்கச்சி. ஆனால் ஒரு சோதனையில் எல்லாம் தெரியாது. ஈயம், நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களுக்கு மையை அமிலத்தில் கரைத்து ஐசிபி-எம்எஸ் என்ற, மிகச் சிறிதளவு உலோகத்தையும் காட்டும் கருவியில் அளப்பார்கள். கறுப்பு மை பெரும்பாலும் கரித்தூள்; அதில் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்ப் பொருட்கள் ஒட்டியிருக்கலாம், அதற்கு வேறு கருவி வேண்டும். சிவப்பு, மஞ்சளில் வரும் அசோ என்ற செயற்கைச் சாயங்கள் வெயிலிலும், லேசரால் அழிக்கும்போதும் உடைந்து அமீன் என்ற நச்சு இரசாயனங்களாகலாம்.

கிருமி இன்னொரு பக்கம். அமெரிக்காவில் 2024இல் வெளிவந்த ஆய்வில், மூடி திறக்காத 75 மைகளில் 26இல் பக்டீரியா இருந்தது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வில் 54 மைகளில் 45இன் உள்ளடக்கம் லேபிளோடு ஒத்துவரவில்லை. லேபிள் இருப்பதாலேயே நம்பிவிட முடியாது என்றால், லேபிளே இல்லாததை எப்படி நம்புவது?

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை மையில் ஆயிரக்கணக்கான இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அந்த வரம்புகளுக்குள் இருப்பதாக, அந்த மையின் தொகுதி இலக்கம் போட்ட ஆய்வறிக்கையைக் கேளுங்கள். ஒரு போத்தலுக்காக நீங்கள் காசு கட்டிச் சோதிப்பது நியாயமே இல்லை. அதைச் செய்ய வேண்டியவர் மையை இறக்குமதி செய்து விற்கிறவர்.

முல்லைத்தீவு, பச்சை குத்துபவர்:
அண்ணை சொல்வது சரி. அறிக்கை இல்லாத மையை நான் தொடுவதில்லை. இன்னொன்றையும் பாருங்கள் அக்கா: மை தடிப்பாக இருக்கிறதென்று கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ விட்டுக் கலக்கிறாரா? அப்படியென்றால் எழும்பி வந்துவிடுங்கள். கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும்தான் விடலாம். திருவிழாக் கடைகளில் பிள்ளைகளுக்குப் போடுகிற கறுப்பு மருதாணியும் வேண்டாம். அதில் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்கும். தோல் கொப்புளித்துப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பரந்தன் அக்கா:
நன்றி இருவருக்கும். இன்று போய்க் கேட்டேன். மை அனுப்புகிறவரிடம் அறிக்கை வாங்கித் தருவதாகச் சொன்னார். அது கைக்கு வரும்வரை குத்த வேண்டாமென்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் கோபம்தான்.