லூப்பில் ஓடும்போது மட்டும் பிசகும் ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்ட்: எங்கே பார்ப்பது?

கட்டம்17 (கேள்வி)

வணக்கம். எக்செல்லில் இருக்கும் சரக்குப் பட்டியலை ஒரு பழைய டெஸ்க்டாப் மென்பொருளில் வரி வரியாக ஏற்ற வேண்டும். அதில் இம்போர்ட் வசதி கிடையாது, கையால் தட்டினால்தான் உண்டு. அதனால் ஆட்டோஹாட்கீ 2-இல் (விசை தட்டுவதையும் மவுஸ் கிளிக்கையும் தானாகச் செய்யவைக்கும் விண்டோஸ் கருவி) ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். எக்செல் கட்டத்தைக் காப்பி செய்யும், மென்பொருள் ஜன்னலுக்குப் போகும், பெட்டியில் மவுஸால் கிளிக் செய்து பேஸ்ட் செய்யும். பெயர், குறியீடு, அளவு, விலை என்று நான்கு பெட்டிகள். அளவுப் பெட்டி மட்டும் பேஸ்ட் ஏற்காது, அங்கே சென்ட் (விசைகளைத் தட்டும் கட்டளை) போட்டிருக்கிறேன். கடைசியில் சேமி பொத்தான். 'சேமிக்கப்பட்டது' என்று ஒரு சின்ன ஜன்னல் வரும், அதற்கு ஓகே. நடுநடுவே ஸ்லீப் 300, அதாவது 300 மில்லிநொடி காத்திருப்பு.

ஹாட்கீயை ஒரு முறை தட்டினால் ஒரு வரி என்று ஓட்டும்போது ஒரு பிசகும் இல்லை. எல்லா வரிகளும் தானாக ஓடும்படி லூப்பில் போட்டதும் பிசகு ஆரம்பிக்கிறது. சில வரிகளில் முந்தைய வரியின் பெயரே மறுபடி விழுகிறது. சில வரிகளில் பெயர்ப் பெட்டி காலி. அளவு 6+2 என்று இருந்தால் 6@ என்று பதிவாகிறது, சில இடங்களில் எழுத்தே விட்டுப்போகிறது. இதே ஸ்கிரிப்டை இன்னொரு லேப்டாப்பில் ஓட்டினால் கிளிக் பெட்டிக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. அந்த லேப்டாப்பில் மென்பொருளை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் ஸ்கிரிப்ட் அசைவதே இல்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை.

எல்லாம் ஒரே காரணமா, தனித்தனியா? தவறான வரிகளைத் தேடித் திருத்தவே நேரம் போகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

வேகவிசை

ஸ்லீப்பை 300-இலிருந்து 2000-க்கு ஏற்றிப் பாருங்கள். பழைய மென்பொருள் மெதுவாகத்தான் பதில் சொல்லும். அசையாத பிரச்சினைக்கு ஸ்கிரிப்டையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

மெல்லத்தட்டு

அட்மின் விஷயத்தில் வேகவிசை சொன்னது சரி. உயர் அனுமதியில் ஓடும் ஜன்னலுக்குச் சாதாரண அனுமதியில் ஓடும் நிரல் விசையையோ கிளிக்கையோ அனுப்ப முடியாது. விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கும் தடுப்பு அது. இரண்டையும் ஒரே அனுமதியில் ஓட்ட வேண்டும்.

ஸ்லீப் விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. வரிக்கு 2 நொடி கூட்டினால் 500 வரிக்கு 1000 நொடி, அதாவது பதினாறு நிமிடத்துக்கு மேல் சும்மா நிற்கும். அப்படி நின்றும் பலனில்லை. என்றைக்காவது மென்பொருள் இரண்டரை நொடி எடுத்துக்கொண்டால் அதே தவறு மறுபடி வரும். எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பது முக்கியமில்லை, எதற்காகக் காத்திருக்கிறோம் என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிய வேண்டும். வருடக்கணக்காக இதே வகை வேலைக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். தப்பான தகவலைச் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டுப் போகும் ஸ்கிரிப்டைவிட, பாதியில் நின்று கத்தும் ஸ்கிரிப்ட் எவ்வளவோ மேல்.

நீங்கள் சொன்னவை ஐந்து தனித்தனிக் கோளாறுகள்.

முந்தைய வரியின் பெயர் வருவது கிளிப்போர்டால், அதாவது காப்பி செய்தது தற்காலிகமாகத் தங்கும் இடத்தால். காப்பி விசையை அனுப்பிய அடுத்த கணமே எக்செல் கிளிப்போர்டை நிரப்பிவிடும் என்பது உறுதியில்லை. அது நிரப்பும் முன் பேஸ்ட் போனால் பழையதுதான் ஒட்டும். ஒரு வரி ஒரு வரியாகத் தட்டியபோது உங்கள் கை எடுத்துக்கொண்ட நேரமே எக்செல்லுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. சாதாரணத் தீர்வு, காப்பிக்கு முன் ஏ_கிளிப்போர்டை (ஸ்கிரிப்டில் கிளிப்போர்டின் பெயர்) காலியாக்கிவிட்டு, காப்பிக்குப் பின் அது நிரம்பும்வரை காத்திருக்கும் கிளிப்வெயிட் 1 போடுவது. ஒரு நொடிக்குள் எதுவும் வராவிட்டால் அது 0 தரும். 0 வந்தால் நிறுத்துங்கள், மேலே போகாதீர்கள்.

ஆனால் உங்கள் வேலைக்குக் கிளிப்போர்டே தேவையில்லை. காம்ஆப்ஜ்ஆக்டிவ் என்ற ஃபங்ஷன் வழியாக, திறந்திருக்கும் எக்செல்லை நேராகப் பிடித்து செல்ஸ் என்பதற்கு வரிசை எண், நெடுவரிசை எண் கொடுத்தால் மதிப்பு கைக்கு வந்துவிடும். ஜன்னல் மாறத் தேவையில்லை, காப்பியும் வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேல்யூ என்று கேட்டால் எண்கள் 1024.0 என்று வரும். முன்னால் பூஜ்யம் வைத்து ஃபார்மட் செய்த குறியீடு என்றால் 00457 என்பது 457.0 ஆகிவிடும். டெக்ஸ்ட் என்று கேட்டால் திரையில் தெரிகிறபடியே 00457 வரும். நெடுவரிசை குறுகலாக இருந்து திரையில் #### தெரிந்தால் அந்த #### தான் வரும்! அதனால் லூப்புக்கு முன் நெடுவரிசைகளுக்கு, அகலத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப மாற்றும் ஆட்டோஃபிட் ஒரு முறை கொடுத்துவிட்டு டெக்ஸ்ட் எடுங்கள்.

6@ என்பது சென்ட்டின் இலக்கணம். அதற்குள் + வந்தால் ஷிஃப்ட், ^ வந்தால் கண்ட்ரோல், ! வந்தால் ஆல்ட், # வந்தால் விண்டோஸ் விசை. 6+2 என்று கொடுத்தால் 6 தட்டிவிட்டு ஷிஃப்டோடு 2 தட்டும், அமெரிக்க விசையமைப்பில் அது @. தாளிலிருந்து வரும் எதையும் சென்ட்டில் கொடுக்காதீர்கள், சென்ட்டெக்ஸ்ட்டில் கொடுங்கள். அது எழுத்தை எழுத்தாகவே தட்டும். எழுத்து விட்டுப்போவது வேறு கதை. பதிப்பு 2-இல் சென்ட் இயல்பாகவே இன்புட் முறையில் எல்லா விசையையும் ஒரே மூச்சில் கொட்டும், பழைய மென்பொருள் சிலவற்றுக்கு அது தாங்காது. சென்ட்மோடை ஈவென்ட் (விசைகளை ஒவ்வொன்றாக அனுப்பும் முறை) என்று மாற்றி, செட்கீடிலே 30, 20 கொடுங்கள். முதல் எண் இரண்டு விசைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, அடுத்தது விசையை அழுத்திப் பிடிக்கும் நேரம், இரண்டும் மில்லிநொடியில். சென்ட்மோடை மாற்றாமல் செட்கீடிலே மட்டும் போட்டால் ஒன்றும் நடக்காது. இன்புட் முறை அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

லேப்டாப்பில் கிளிக் தள்ளிப்போவது, பெரும்பாலும் அங்கே டிஸ்ப்ளே ஸ்கேலிங் (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 125 அல்லது 150 சதவீதம் என்று இருப்பதால். அதற்காக எக்ஸ், ஒய் எண்களைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். டாஸ்க்பாரில் ஆட்டோஹாட்கீயின் பச்சை எச் ஐகானை ரைட் கிளிக் செய்து விண்டோ ஸ்பையைத் திறங்கள். மவுஸைப் பெயர்ப் பெட்டியின் மேல் வைத்தால் எடிட்1, எடிட்2 என்பது போல ஒரு பெயர் காட்டும். அந்தப் பெயரைக் கொண்டு கண்ட்ரோல்செட்டெக்ஸ்ட் போட்டால் மவுஸ் இல்லாமலே எழுத்து பெட்டிக்குள் போய் உட்காரும். ஜன்னல் எங்கே இருந்தாலும் சரி, ஸ்கேலிங் எவ்வளவாக இருந்தாலும் சரி. போட்டதும் கண்ட்ரோல்கெட்டெக்ஸ்ட் வைத்துத் திரும்பப் படித்து, தாளில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிறுத்தம். பெட்டியை விட்டு வெளியே போகும்போதுதான் சில மென்பொருள் மதிப்பை ஏற்றுக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு பெட்டிக்குப் பிறகும் ஒரு டேப் அனுப்புவது நல்லது.

கடைசியாகக் காலிப் பெட்டி. எனக்குத் தோன்றுவது, ஓகே கொடுத்த பிறகு அந்தச் சின்ன ஜன்னல் மூடும் முன்பே அடுத்த வரி ஆரம்பித்துவிடுகிறது. அந்த எழுத்தெல்லாம் மூடிக்கொண்டிருக்கும் ஜன்னலுக்குப் போய்த் தொலைகிறது. சேமி அழுத்தியதும், ஜன்னல் வரும்வரை காத்திருக்கும் வின்வெயிட் போடுங்கள்: வகுப்புப் பெயர் (ஜன்னலின் வகையைச் சொல்லும் பெயர்) #32770, பத்து நொடி காலவரம்பு. விண்டோஸின் சாதாரணச் செய்திப் பெட்டிகளுக்கு அதுதான் வகுப்பு. ஓகே கொடுத்ததும், அது மூடும்வரை காத்திருக்கும் வின்வெயிட்க்ளோஸ். நடுவில் ஒரு படியை விட்டுவிடாதீர்கள்: வின்கெட்டெக்ஸ்ட் வைத்து அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'இந்தக் குறியீடு ஏற்கெனவே உள்ளது' என்று திட்டும் பெட்டிக்கும் வகுப்பு அதேதான். படிக்காமல் ஓகே கொடுத்தால் சேமிக்காத வரியும் சேமித்த வரியாகவே கணக்கில் சேரும்.

கட்டம்17

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி சார். பெரும்பகுதி மாற்றிவிட்டேன். 6+2 ஒழுங்காக விழுகிறது, பெயர் இரட்டிப்பதும் நின்றுவிட்டது. ஸ்பையில் மூன்று பெட்டிகளுக்குப் பெயர் காட்டுகிறது. அளவுப் பெட்டி மட்டும் ஏதோ கட்டத்துக்குள் இருப்பதால் தனிப் பெயர் காட்டவில்லை. அதற்கு டேப் வழியாகப் போய்ச் சென்ட்டெக்ஸ்ட் போடுகிறேன்.

இரண்டு சிக்கல் மிச்சம். லேப்டாப்பில் ஸ்கிரிப்டை அட்மினாக ஓட்டியதும் காம்ஆப்ஜ்ஆக்டிவ் வரியில் பிழை வருகிறது. எக்செல் கண்ணெதிரே திறந்துதான் இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை என்கிறது. அடுத்தது விலைப் பெட்டி. 1250 போட்டுவிட்டு டேப் அனுப்பித் திரும்பப் படித்தால் 1,250.00 என்று வருகிறது, ஒப்பீடு தோற்று ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது.

மெல்லத்தட்டு

நின்றது நல்லதுதான், அதற்காகத்தானே வைத்தோம்! விலைக்கு மட்டும் ஒப்பீட்டை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஸ்டர்ரீப்ளேஸ் வைத்துக் காற்புள்ளியை நீக்கிவிட்டு, நம்பர் என்ற ஃபங்ஷனில் போட்டு எண்ணாக ஒப்பிடுங்கள். 1250-உம் 1250.00-உம் சமமாகிவிடும். பெயருக்கும் குறியீட்டுக்கும் எழுத்து ஒப்பீடே இருக்கட்டும், இல்லாவிட்டால் 00457-உம் 457-உம் ஒன்று என்று சொல்லிவிடும்.

எக்செல் பிழை அந்த அட்மின் தீர்வின் பக்கவிளைவு. எக்செல் சாதாரண அனுமதியில் திறந்திருக்கிறது, ஸ்கிரிப்ட் உயர் அனுமதியில் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை விண்டோஸ் இரண்டு அனுமதிக்கும் தனித்தனியாக வைத்திருப்பதால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது. எக்செல்லையும் அட்மினாகத் திறக்கலாம், ஆனால் அதை நான் செய்யமாட்டேன். காம்ஆப்ஜ்ஆக்டிவுக்குப் பதிலாகக் காம்ஆப்ஜெக்ட் போடுங்கள். ஸ்கிரிப்டே தனக்கென்று ஓர் எக்செல்லைத் திறந்துகொள்ளும். அதில் ஒர்க்புக்ஸ் ஓப்பன் வைத்து, மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால் கோப்பு படிக்க மட்டும் திறக்கும், மூலத் தாளில் கைபடாது. ஸ்கிரிப்ட் எந்த வழியில் முடிந்தாலும், பிழையில் முடிந்தாலும், அந்த எக்செல்லை மூடும் குவிட்டைக் கூப்பிடுவதை, ஸ்கிரிப்ட் முடியும்போது ஓடும் ஆன்எக்ஸிட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத எக்செல்கள் டாஸ்க் மேனேஜரில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் தாளில் ஏதாவது கட்டம் எடிட் நிலையில் இருக்கும்போது ஸ்கிரிப்ட் கேட்டால் எக்செல் அழைப்பை நிராகரித்துவிடும். தனி எக்செல்லில் அந்தத் தொல்லை வராது.

கோப்பு படிக்க மட்டும் திறந்திருப்பதால் முடிந்த வரியைத் தாளில் குறிக்க முடியாது. ஃபைல்அப்பெண்ட் வைத்து ஒரு சாதாரண உரைக் கோப்பில் நேரம், வரி எண், குறியீடு மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். 'சேமிக்கப்பட்டது' என்று படித்த பிறகுதான் எழுத வேண்டும், முன்னால் எழுதக் கூடாது. மறுபடி தொடங்கும்போது அந்தக் கோப்பைப் படித்து, இருக்கும் குறியீடுகளைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். நடுவில் நின்றாலும் தேடித் திருத்தும் வேலை இருக்காது. அப்புறம் லூப்பை உடனே நிறுத்த ஒரு விசை கட்டாயம் வேண்டும். விசைப்பலகையின் பாஸ் (Pause) விசைக்கு, ஸ்கிரிப்டை முடித்துவிடும் எக்ஸிட்ஆப் கொடுங்கள். எஸ்கேப்பை இதற்கு வைக்காதீர்கள், மென்பொருளுக்கே அது தேவைப்படும்.

நிரல்நிழல்

இதே நிலைமையில் இருப்பவர்களுக்காக இரண்டு விஷயம் சேர்க்கிறேன். பதிப்பு 2.0 வந்தது 2022 டிசம்பரில். அதற்கு முன் எழுதப்பட்டு இணையத்தில் கிடக்கும் துணுக்குகள் அநேகமாகப் பதிப்பு 1-க்கானவை. கட்டளைப் பெயருக்குப் பின் காற்புள்ளி, மாறியைச் சுற்றிச் சதவீதக் குறி என்று இருந்தால் அதை அப்படியே ஒட்டாதீர்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் #ரிக்வயர்ஸ் வைத்துப் பதிப்பைச் சொல்லிவிடுவது நல்லது. தமிழ் எழுத்து ஸ்கிரிப்டுக்குள் இருந்தால், பதிப்பு 2 கோப்பை யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் முறை) என்றே படிக்கும். பதிப்பு 1-இல் கோப்பின் தலையில் பிஓஎம் (அது யூடிஎஃப்-8 என்று காட்டும் குறி) இல்லாமல் சேமித்தால் தமிழெல்லாம் குப்பையாக மாறும். 'சேமிக்கப்பட்டது' என்று ஒப்பிடுகிற இடத்தில் இது நேராக அடிக்கும்.

கட்டம்17

எல்லாம் மாற்றி ஓட்டினேன். மூன்று வரிகளில் நின்றது. மூன்றுமே ஏற்கெனவே பதிவான குறியீடுகள், முன்பு இவற்றுக்கும் ஓகே கொடுத்துவிட்டுப் போயிருக்கும். மற்ற எல்லா வரிகளும் தாளோடு ஒத்துப்போகின்றன. லேப்டாப்பிலும் அதே ஸ்கிரிப்ட் ஒரு எண் மாற்றாமல் ஓடுகிறது.

இனி இதை இரவில், குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் விடலாமா?

மெல்லத்தட்டு

விடலாம், ஆனால் ஷெட்யூலரில் பயனர் லாகின் ஆகியிருக்கும்போது மட்டும் ஓடு என்ற தேர்வை எடுக்க வேண்டும். லாகின் இல்லாவிட்டாலும் ஓடு என்று கொடுத்தால் ஸ்கிரிப்ட் திரையே இல்லாத தனி அமர்வில் ஓடும், அங்கே உங்கள் மென்பொருளின் ஜன்னல் இருக்காது. அட்மின் அனுமதிக்கு உச்ச அனுமதியில் ஓடு என்பதையும் டிக் செய்யுங்கள்.

அதோடு திரை பூட்டியிருக்கக் கூடாது. பூட்டிய திரையில் கண்ட்ரோல்செட்டெக்ஸ்ட் பெரும்பாலும் வேலை செய்யும், சென்ட்டெக்ஸ்ட் செய்யாது. அளவுப் பெட்டி உங்களுக்குச் சென்ட்டெக்ஸ்ட்டில்தான் ஓடுகிறது, ஆகவே இரவு முழுக்கத் திரையைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கும். யாரும் உள்ளே வரமுடியாத பூட்டிய அறையில் கணினி இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் பகலிலேயே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது ஓட்டிவிடுங்கள்.