குழுவேலையில் தனிநபர் பங்களிப்பை மதிப்பிடுவது எப்படி?

வன்னியிலுள்ள பல்கலைக்கழகமொன்றில் இரண்டாம் ஆண்டு மாணவர் 45 பேருக்குத் தொடர்பாடல், குழுவாகச் செயற்படல் முதலிய பொதுத் திறன்களைக் கற்பிக்கிறேன். 15 வாரப் பாடத்தில் ஒன்பது வாரங்கள் கடந்துவிட்டன. பட்டம் முதலிய தகைமைகளின் தரத்தை வரையறுக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு இத்திறன்களையும் கற்றல் பேறுகளாகவே கோருகின்றது. ஆயினும் ஐவர் குழுவில் ஒருவரே ஒப்படை முழுவதையும் செய்ய, ஏனையோர் அளிக்கையின்போது எங்களுக்கு முதுகைக் காட்டித் திரையிலுள்ள ஆங்கில வரிகளை மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு அமர்கின்றனர்.

குழுக்களைக் கலைத்துப் பார்த்தேன்; தலைமையைச் சுழற்சியில் கொடுத்தேன்; சகமாணவர் மதிப்பீட்டுக்குப் புள்ளி ஒதுக்கினேன் (நண்பர்கள் ஒருவருக்கொருவர் பத்துக்குப் பத்து வழங்கிக்கொண்டனர்). தமிழில் கலந்துரையாட விட்டபோது, நெல் அறுவடைக் கூலி பற்றிய பேச்சில் பின்வரிசையும் வாய்திறந்தது. ஆனால் சிங்கள மாணவர்கள் ஒதுங்கிப்போயினர்.

எஞ்சிய ஆறு வாரங்களில், தமிழ், சிங்கள மாணவர் கலந்த குழுவில் ஒவ்வொருவரின் பங்களிப்பையும் நேர்மையாக மதிப்பிட எந்த முறை உங்களுக்குக் கைகொடுத்தது?