ரேஷன் அரிசி மிதக்கும் வீடியோ: வேளாண் மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

விரிவாக்க ஆசிரியை, பாளையங்கோட்டை

வேளாண் பட்டப்படிப்பு இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு விரிவாக்கப் பாடம், அதாவது ஆராய்ச்சியில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் பாடம் எடுக்கிறேன். கிராமத் தங்கல் பயிற்சிக்கு அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் போகப்போகிறார்கள். போன உடனே வரப்போகிற கேள்வி, "ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் கலக்காங்களாமே?" ரேஷன் அரிசியைத் தண்ணீரில் போட்டு, மிதக்கும் மணிகளைக் காட்டி "பிளாஸ்டிக்" என்று சொல்லும் வீடியோ எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலேயே சுற்றியது, ஒருத்தரும் எதிர்த்துக் கேட்கவில்லை. "நம்பாதீங்க, பகிராதீங்க" என்றால் தலையாட்டிவிட்டு அடுத்ததை நம்புகிறார்கள். எதையுமே நம்பாத பிள்ளைகளும் எனக்கு வேண்டாம். அப்புறம் ஆராய்ச்சி நிலையம் சொல்வதும் யூடியூப்காரர் சொல்வதும் அவர்களுக்கு ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், அம்பை

மேடம், அந்த அரிசியையே வகுப்புக்குக் கொண்டு போங்க. கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அவர்கள் கையாலேயே போடட்டும். சில மணிகள் நிஜமாகவே மிதக்கும். "வீடியோ பொய்" என்று ஒரு பிள்ளை ஊரில் போய்ச் சொன்னால், தன் வீட்டுப் பானையில் மிதந்ததைப் பார்த்த ஆச்சி அதற்கப்புறம் அந்தப் பிள்ளை பேச்சைக் காதில் வாங்கமாட்டாள்.

கண்ணால் பார்த்தது எது, வீடியோக்காரர் சொன்ன காரணம் எது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்க. மிதந்தது பார்த்தது. பிளாஸ்டிக் என்பது அவர் சொன்னது. உண்மைக் காரணத்தைப் பிறகு தேடட்டும்: அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணி. சுமார் 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ கலப்பார்கள். நம் ரேஷன் கடைகளுக்கு 2023-இல் பரவலாக வந்தது. லேசாக இருப்பதால் மிதக்கிறது.

அடுத்து "கொளுத்தினா கருகுது பாருங்க" என்று வரும். கடை அரிசியையும் பக்கத்தில் வைத்துக் கொளுத்தச் சொல்லுங்க, அதுவும் கருகும். மருந்தடிக்காத பாத்தி ஒன்றை ஒப்பிட விட்டுவைக்கப் படித்த பிள்ளைகள்தானே, சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்றை மறைக்க வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களுக்குக் கூடுதல் இரும்புச்சத்து ஆகுமா என்று மருத்துவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. புரளியையும் அதையும் ஒரே கூடையில் போட்டால் பாடமே கெட்டுவிடும்.

வயக்காட்டான், கல்லிடைக்குறிச்சி

டீச்சரம்மா, பூச்சிமருந்து வீடியோவையும் சேத்துக்கோங்க. அரிசி வீடியோவால பயந்தான் வரும், இதுல பயிரே போயிரும். பிசானப் பருவ நெல்லுல இலைச்சுருட்டுப் புழு விழுந்ததும் போன்ல ஒருத்தர் அளவு சொல்லுதாரு. ஏக்கருக்கா ஹெக்டேருக்கான்னு சொல்லமாட்டாரு. லேபிள்ல பெரும்பாலும் ஹெக்டேருக்குப் போட்டிருக்கும். கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வித்தியாசம்! அதே லேபிள்ல எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, அடிச்சு எத்தனை நாள் கழிச்சு அறுக்கணும்னு எல்லாம் இருக்கு. வீடியோவ ஓடவிட்டுப் பிள்ளையள லேபிளோட ஒப்பிடச் சொல்லுங்க. மருந்து விக்கிறவரே பேசுதாரான்னும் கேக்கச் சொல்லுங்க.

அப்புறம் வயல்ல இறக்குங்க. வரப்புல நின்னா வயலே வெளுத்த மாதிரித்தான் தெரியும். வளர்ச்சிப் பருவத்துல பத்து சதவீத இலைக்கு மேல சேதமானாத்தான் மருந்து. அத உள்ள இறங்கி எண்ணணும்.

விரிவாக்க ஆசிரியை

அரிசி வகுப்பில், லேபிள் வயலில் என்று பிரித்துக்கொள்கிறேன். அண்ணாச்சி, காலி மருந்து டப்பாவைப் பிள்ளைகள் கையில் கொடுக்க மாட்டேன். உங்களிடம் இருக்கும் மருந்துகளின் லேபிளை மட்டும், பொடி எழுத்து தெரிகிற மாதிரி படம் எடுத்து இங்கே போட முடியுமா?