மறு: ‘டைஸ் மேக்ரோ’வுக்கு ‘உருட்டுக்கோவை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாத்திரமேற்று ஆடும் பகடை விளையாட்டுகளில் (ஆர்பிஜி) ஒருவரின் பாத்திர விவரங்கள் இருக்கும் தாள்தான் கேரக்டர் ஷீட். அதன் தமிழாக்கத்தில் டைஸ் மேக்ரோவை, அதாவது பகடை உருட்டும் கட்டளையைச் சேமித்து வைத்து ஒரே சொடுக்கில் இயக்கும் வசதியை, ‘வீச்சு’ என்று எழுதலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு உடன்பாடில்லை. நெடுவில்லின் வீச்சு 150 அடி என்று அதே தாளில் எழுதுகிறோம். பக்கத்திலேயே ‘வீச்சு’ என்று ஒரு பொத்தான் இருந்தால் சண்டை நடுவில் நிச்சயம் குழப்பும். கணக்கிலும் இந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது: 2டி6, அதாவது ஆறு முகப் பகடை இரண்டை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை வரும், அதன் வீச்சு 10.

அதைவிட முக்கியமானது, நாம் டைஸ் மேக்ரோ என்று சொல்வதில் இரண்டு பொருள்கள் ஒட்டிக்கிடக்கின்றன. இணையத்தில் சேர்ந்து ஆட உதவும் ரோல்20 தளத்தின் அரட்டைப் பெட்டியில் ‘/ரோல் 2டி6+3’ என்று தட்டினால் போதும், பொத்தானே வேண்டாம். அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஃபேன்டசி கிரவுண்ட்ஸில் பகடையை மவுஸால் பிடித்து எறியலாம், அங்கே 2டி6+3 என்ற வரியைத் தட்ட வேண்டியதே இல்லை. வரி வேறு, பொத்தான் வேறு. ஆக, இரண்டு சொற்கள் வேண்டும்.

வரிக்கு ‘உருட்டுக்கோவை’ என்பது என் பரிந்துரை. இயற்கணிதக் கோவை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். எண்ணும் குறியும் சேர்ந்த தொடர் என்பது உடனே புரிந்துவிடும். ‘2டி20கேஎச்1’, அதாவது இருபது முகப் பகடை இரண்டை உருட்டிப் பெரியதை மட்டும் எடுத்துக்கொள் என்பதும் இதில் அடங்கிவிடும். உருட்டு என்றால் இப்போது பொய் என்று பொருளாகிவிட்டதே என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கவலைதான். ஆனால் உருட்டுக்கட்டை என்று கேட்டால் யாருக்கும் பொய் நினைவுக்கு வருவதில்லை. தொகைச்சொல்லாகும்போது அந்தப் பொருள் உதிர்ந்துவிடுகிறது.

பொத்தானுக்கு ‘உருட்டுப்பொத்தான்’ போதும். ‘விரைவுருட்டு’ கேட்க நன்றாக இருந்தாலும், இங்கே வேகம் மட்டும் விஷயமில்லை. பொத்தானுக்குள் இருக்கும் கோவை தாளிலுள்ள வலிமை மதிப்பைச் சுட்டினால், அந்த மதிப்பு ஏறும்போது பொத்தானைத் தொடவே வேண்டியதில்லை, புதிய எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். எனக்கு இந்த வசதியில் மிகவும் பிடித்தது அதுதான்.

‘டி’யை மாற்றி, பகடைக்கு ‘ப’ வைத்து, 2ப6 என்று எழுதும் யோசனை அழகாக இருக்கிறது, எனக்கும் ஆசைதான். ஆனால் விதிநூலிலிருந்து கோவையை நகலெடுத்து ஒட்டுபவர்களுக்கு ‘டி’தான் வரும், மென்பொருளும் அதைத்தான் ஏற்கும். இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அப்புறம் ஒன்று. இதே வகை மென்பொருளான ஃபவுண்ட்ரியில் உள்ள ரகசிய உருட்டுகளில் இரண்டு வகைகளுக்குச் சொல் வேண்டும். ஒன்றில் விடையை ஆட்டத்தை நடத்தும் நடத்துநரும் உருட்டியவரும் பார்க்கலாம். இன்னொன்றில் உருட்டியவருக்கே தெரியாது, நடத்துநர் மட்டும் பார்ப்பார். பின்னதற்கு ‘மறையுருட்டு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். முன்னதற்குத் ‘தனியுருட்டு’ என்று எழுதினால் ஒருவர் தனியாக உட்கார்ந்து உருட்டுவதுபோல் ஒலிக்கிறது. இதற்கு நல்ல சொல் யாரிடமாவது இருக்கிறதா?