ஹட்சன் கரையில் ஸ்ட்ரைப்பர்: சில அனுபவங்கள்

ஏப்ரல் பிறந்தால் நம்ம ஆட்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "ஸ்ட்ரைப்பருக்கு என்ன இரை போடணும்?" ஸ்ட்ரைப்பர் என்பது வசந்தத்தில் முட்டையிடக் கடலிலிருந்து நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றுக்குள் ஏறிவரும், உடம்பில் வரிபோட்ட மீன். இரை அப்புறம். கரையில் நின்று பிடிக்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை.

மன்ஹாட்டன் முனையிலிருந்து டிராய் அணை வரை, ஏறத்தாழ 150 மைலுக்கு, கடலின் ஏற்றவற்றம் ஹட்சனுக்குள் போய் வருகிறது. நியூபர்க் பக்கம் வசந்தத்தில் தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்பே தெரியாது. ஆனாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். மன்ஹாட்டனுக்கான ஏற்றவற்ற அட்டவணையை போனில் பார்த்துவிட்டு பொகீப்சிக்குக் கிளம்பினால் கதை கந்தல். அங்கே ஏற்றம் போய்ச் சேரவே 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். சரியான ஊரின் அட்டவணையை எடுத்தாலும் வேலை முடியாது. அது சொல்வது தண்ணீர் மட்டத்தை. மீனுக்கு வேண்டியது ஓட்டம்.

எனக்கு இதைக் காட்டியவர் நியூ விண்ட்சரில், பிளம் பாயின்ட் மணற்கரையில் பார்த்த ஒரு டொமினிக்கன் பெரியவர். அட்டவணைப்படி ஏற்றம் முடிந்திருந்தது. எல்லோரும் தூண்டிலை மாற்றி மாற்றி வீசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் மடக்கு நாற்காலியில் காபியோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சி நட்டு வைத்திருந்தார். தண்ணீர் குச்சியை விட்டு ஒரு சாண் இறங்கியிருந்தது. "இப்ப அங்க பாரு" என்று ஆற்றைக் காட்டினார். நடு ஆற்றில் ஒரு பெரிய மரக்கட்டை இன்னும் வடக்கே, நியூபர்க் பாலத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. மட்டம் இறங்குகிறது, ஓட்டமோ இன்னும் மேலே ஏறுகிறது! கட்டை அப்படியே நின்று, சோம்பலாக ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே திரும்பிய பிறகுதான் அவர் எழுந்து இரை கோர்த்தார். அன்று கரையில் முதல் மீன் அவருக்குத்தான்.

ஓட்டம் நிற்கும் நேரத்தில் நான் வீசுவதே இல்லை இப்போது. நான் சாப்பிடும் நேரம் அது. ஓட்டம் பிடித்ததும் மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்துக்குக் கீழ்ப்பக்கம், வேக நீரும் தேங்கிய நீரும் உரசும் கோட்டில் ஈயத்தை இறக்குவேன். ஸ்ட்ரைப்பர் அந்த ஓரத்தில் ஓட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, அடித்துவரும் இரையை எடுக்கும். மேலே மழை கொட்டியிருந்தால் வற்று ஓட்டம் நீண்டு, ஏறு ஓட்டம் சுருங்கிவிடும். அட்டவணையில் அது இருக்காது.

எடிசனிலிருந்து என்னோடு வரும் தம்பி ஒருவன், காரைக்கால்காரன். டெலவேரில் ட்ரென்டன் பக்கம் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஸ்ட்ரைப்பருக்குத் தடை என்பதால் இங்கே வர ஆரம்பித்தான். ஊரில் கொடுவாய்க்குத் தூண்டில் போட்ட கை. தூண்டிலில் கட்டிய மணி அடித்ததும் தூண்டில் கழியைப் பிடித்துச் சுண்டி இழுப்பான். இங்கே இரை வைத்துப் பிடிப்பதென்றால் நுனி உள்பக்கம் வளைந்த சர்க்கிள் ஹூக் முள்தான், சட்டம். அந்த வளைந்த முள்ளைச் சுண்டினால் வாயிலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும்.

மே மாதம் ஒரு மாலை. இரையாக ஹெர்ரிங் மீன் துண்டு போட்டிருந்தோம். மணி ஒருமுறை கிணுங்கியது, பிறகு ரீல் கத்த ஆரம்பித்தது.

"அண்ணே, இழுக்கவா?"

"இழுக்காதடா! அதுவே மாட்டிக்கும். நீ சும்மா சுத்து."

பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினான். மீன் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு தெற்கே ஓடியது, தூண்டில் நரம்பு கரகரவென்று போனது, அவனும் கரையோடு கூடவே ஓடினான். கடைசியில் முழங்கால் தண்ணீரில் அது பக்கவாட்டில் சாய்ந்தபோது முள் வாயின் ஓரத்தில் கச்சிதமாக நின்றிருந்தது. வெள்ளி உடம்பில் கோடு போட்ட நோட்டு மாதிரி கருவரிகள், சினை பிடித்த வயிறு. அளந்தால் 34 அங்குலம். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு வடக்கே 2024 முதல் 23லிருந்து 28 அங்குலம் வரை உள்ள ஒரே ஒரு மீனைத்தான் ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். விட்டாக வேண்டும். கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்து ஓட்டத்துக்கு எதிரே முகம் காட்டிவைத்தான். வாலை ஒரு அடி அடித்துவிட்டுப் போனது. அந்தப் பல் உப்புத்தாள் போல. அவன் கட்டைவிரல் தோல் சிராய்ந்து சிவந்திருந்தது. ஆபீசில் எல்லோரிடமும் அதைக் காட்டியதாகக் கேள்வி.

இன்னொரு நாள் எங்கள் எதிரே ஆள் உயர மீன் ஒன்று தண்ணீரை விட்டு முழுதாக எழும்பி, படாரென்று விழுந்தது. ஸ்டர்ஜன். அதுவும் கடலிலிருந்து முட்டையிட வருவதுதான், பாதுகாக்கப்பட்ட இனம். மணி அடித்ததைக்கூட மறந்து வாய்பிளந்து நின்றோம்.

பிளம் பாயின்டில் நின்றால் தெற்கே ஸ்டார்ம் கிங் மலை தெரியும். அந்த மலையில் ஒரு மின் நிறுவனம் ஆற்று நீரை மேலே ஏற்றி மின்சாரம் எடுக்க 1960களில் திட்டம் போட்டது. குழாய்கள் ஸ்ட்ரைப்பர் முட்டையையும் குஞ்சையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்று மீன்பிடிப்பவர்களும் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நீதிமன்றம் போனது; 1965இல் வந்த தீர்ப்பு அமெரிக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கே வழி திறந்தது. 1980இல் திட்டம் கைவிடப்பட்டது. நமக்கு இன்று மீன் கிடைப்பதில் அவர்களுக்கும் பங்குண்டு.

சரி, இரை. ரத்தப்புழு விலை அதிகம், வொயிட் பெர்ச்சும் கெளுத்தியும் உருவிக்கொண்டு போய்விடும். மே மாதத்தில் ஹெர்ரிங்தான், அன்றைக்குப் பிடித்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 வரை பிடிக்கலாம். நம் உள்ளம் மீனின் உறவான ஷாட் மாட்டினால் விட்டுவிடுங்கள், 2010 முதல் ஹட்சனில் அதற்குத் தடை. கடல்மீன் பிடிப்பவர்களுக்கான நியூயார்க் பதிவேடான மெரைன் ரெஜிஸ்ட்ரியில் பதிந்துகொள்ளுங்கள், காசு கிடையாது.

குழம்பு வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மேலே இருந்த ஆலைகள் 1977 வரை ஆற்றில் விட்ட பிசிபி ரசாயனம் மீனின் கொழுப்பில் இன்னும் இருக்கிறது. 50 வயதுக்குட்பட்ட பெண்களும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் சாப்பிடவே வேண்டாம், மற்றவர்கள் கேட்ஸ்கில் ஊருக்குத் தெற்கே பிடித்ததை மாதம் ஒருவேளை என்பது மாநில சுகாதாரத் துறையின் அறிவுரை. எங்கள் வீட்டில் மகள் இருப்பதால் நான் எடுத்து வருவதில்லை. தம்பி தனியாள். தோலையும் கொழுப்பையும் சீவிவிட்டு, வருஷத்துக்கு ஒரு மீன் மிளகுபோட்டு வறுப்பான்.

கிங்ஸ்டன், ஆல்பனி பக்கம் கரையில் பிடிப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: அங்கே ஓட்டம் திரும்பி எவ்வளவு நேரத்தில் கடி ஆரம்பிக்கிறது?